2005 ஆர்எக்ஸ்-8: 1,500 பவுண்டுக்கு வாங்கலாமா?

லெஸ்டர்பையன்:
மாஸ்டா ஆர்எக்ஸ்-8 ஒன்று பார்த்திருக்கிறேன். 2005இல் பதிவான 231 குதிரைத்திறன் மாடல், 72,000 மைல் ஓடியது. 1,500 பவுண்டு கேட்கிறார்கள். ஓட்டிப் பார்த்ததிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது. தினமும் வேலைக்கு 4 மைல்தான் போக வேண்டும். வாங்கலாமா அண்ணன்மாரே?

பட்டறைக்காரன்:
வேண்டாம் தம்பி. அதில் பிஸ்டன் கிடையாது. முக்கோண ரோட்டர் இரண்டு சுழல்கின்றன, ஒவ்வொன்றின் மூன்று முனையிலும் கசியாமல் அடைக்க ஓர் ஏபெக்ஸ் சீல். அது தேய்ந்தால் கம்ப்ரஷன், அதாவது உள்ளே காற்றை அமுக்கும் அழுத்தம், போய்விடும். எஞ்சினைப் பிரித்துக் கட்ட 3,000 பவுண்டுக்கு மேல் எடுத்து வைக்க வேண்டும், கார் விலையைப் போல இரண்டு மடங்கு. அமெரிக்காவில் மாஸ்டாவே எஞ்சின் வாரண்டியை 8 ஆண்டு, 1 லட்சம் மைல் என்று நீட்டியது. குறை இல்லாமலா நீட்டினார்கள்?

சுழல்பிரியன்:
வாரண்டி நீட்டியது உண்மைதான். ஆனால் பல எஞ்சின்கள் சாவது, பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலால். காயில் பலவீனமானால் பெட்ரோல் முழுதாக எரியாமல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரிகிறது. கன்வெர்ட்டர் உருகி அடைத்துக்கொள்ள, சூடு திரும்பி எஞ்சினையே தாக்குகிறது. ஆறு வருடமாக ஒன்று வைத்திருக்கிறேன். 30,000 மைலுக்கு ஒருமுறை நான்கு காயிலையும் பிளக்குகளையும் மாற்றிவிடுவேன். போன முறை 280 பவுண்டு ஆனது. ஆயில் குடிக்கிறது என்று பயப்படாதீர்கள், சீல் தேயாமலிருக்க எஞ்சினே கொஞ்சம் ஆயிலை உள்ளே விடுகிறது. அளவைப் பார்த்து ஊற்றினால் போதும்.

பட்டறைக்காரன்:
நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்திருக்கும் காரையா தம்பி வாங்கப் போகிறார்? முன்பு வைத்திருந்தவர் காயில் மாற்றினாரா என்று யாருக்குத் தெரியும்? அப்புறம் அந்த 4 மைல்! குளிரில் எடுத்து, சூடாகும் முன் அணைத்தால் பெட்ரோல் உள்ளே தேங்கும், மறுபடி ஸ்டார்ட் ஆகாது. அப்படி நின்றுபோன வண்டிகளை நானே இழுத்து வந்திருக்கிறேன்.

சுழல்பிரியன்:
4 மைலை நான் கவனிக்கவில்லை அண்ணா, அதில் நீங்கள் சொல்வது சரி. தினசரி ஓட்டத்துக்கு இது வேண்டாம். வார இறுதிக்கு மட்டும் என்றால் முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட். இந்த மாதிரி ரோட்டர் எஞ்சினுக்கென்று உள்ள மீட்டர்தான் வேண்டும். சாதாரண கேஜ், ரோட்டரின் மூன்று பக்கங்களில் அதிகமானதை மட்டும் காட்டி ஏமாற்றிவிடும். 250 ஆர்பிஎம்மில் எந்தப் பக்கத்தின் அழுத்தமும் 6.8 பாருக்குக் கீழே இருக்கக் கூடாது. மீட்டர் கிடைக்காவிட்டால் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டி, அணைத்து, பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே ஸ்டார்ட் ஆகாமல் இழுத்தடித்தால் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். இன்னொன்று, 2006 மார்ச் 23க்கு முன் பதிவானதையே தேடுங்கள். பிந்தியவற்றுக்கு வருட வரி 700 பவுண்டைத் தாண்டும்.

லெஸ்டர்பையன்:
இன்று மறுபடி போனேன். குளிர்ந்திருந்தபோது உடனே எடுத்தது. சூடான பிறகு எட்டு விநாடி சுற்றியும் பிடிக்கவில்லை, மூன்றாம் முறைதான் எடுத்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வேலைக்கு பஸ்ஸிலேயே போகிறேன். வார இறுதிக்கு, டெஸ்ட் தாளோடு வரும் ஒன்றைத் தேடுகிறேன்.