ஃப்ளிக்கர் ஃபோட்டோமீட்டர்: 'துளங்கொளிமானி' எனலாமா?

வேறு வேறு நிற ஒளிகளின் வெளிச்சத்தை ஒப்பிடும் கருவி ஃப்ளிக்கர் ஃபோட்டோமீட்டர் (flicker photometer). அதற்குத் தமிழில் 'மினுக்கொளிமானி' என்ற பரிந்துரை காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் விண்மீன் மினுக்கும், மின்மினி மினுக்கும். அதெல்லாம் நாம் ரசிக்கிற ஒளி. இந்தக் கருவியில் தெரிவதோ, ஸ்டார்ட்டர் போன டியூப்லைட் போலக் கண்ணை உறுத்தும் ஆட்டம். அந்த உறுத்தலையே அளவுகோலாக்கியவர் ஆக்டன் ரூட்.

1831 இல் அமெரிக்காவின் டான்பரியில் பிறந்தவர். பிரின்ஸ்டனில் பட்டம், பிறகு மியூனிக்கிலும் பெர்லினிலும் படிப்பு. 1863 முதல் 1902 இல் இறக்கும்வரை கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். நீர்வண்ண ஓவியமும் தீட்டுவார். நிறத்தை எண்ணில் பிடித்தே தீர வேண்டும் என்ற அவருடைய பிடிவாதத்தில் ஓவியக் கண்ணுக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

சிவப்புத் தாளையும் பச்சைத் தாளையும் அருகருகே வைத்து, எதில் வெளிச்சம் அதிகம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். நிறம் வேறாக இருப்பதால் கண் தடுமாறுகிறது. 1893 இல் ரூட் சொன்ன வழி, இரண்டையும் ஒரே இடத்தில் மாறி மாறிக் காட்டுவது. வேகம் கூடக் கூட நிற வேறுபாடு முதலில் கரைந்து, சிவப்பும் பச்சையும் மங்கலான மஞ்சளாகிவிடும். வெளிச்ச வேறுபாடு மட்டும் விடாமல் ஆடும். ஒரு பக்கத்து ஒளியைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் ஆட்டம் அடங்கும். அங்கே இரண்டும் சமம்!

ஆகவே நமக்கு வேண்டிய சொல், ஆட்டத்தையும் அது அடங்குவதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'துடிப்பு' ஏற்கெனவே லேசர் துடிப்புக்குப் போய்விட்டது. 'சிமிட்டல்' இமையின் வேலை. இங்கே இமை அசைவதே இல்லை. 'அலைவு' ஊசலுக்கு உரியது. 'துளங்கு' என்ற வினைக்கு அசைதல், ஒளிர்தல் என இரு பொருளும் உண்டு. எதிர்மறையும் கைவசம் இருக்கிறது: 'கலங்காது கண்ட வினைக்கண் துளங்காது' என்று குறளில் படித்தோமே. ஆட்டம் அடங்கும் இடத்தைத் 'துளங்காப் புள்ளி' என்றே சொல்லிவிடலாம்.

பழஞ்சொல் என்பது எனக்குத் தடையாகப் படவில்லை. ளகரம்தான் கவலை. தூண்டலுக்கு உயிர் காட்டும் எதிர்வினைக்கு உயிரியலில் 'துலங்கல்' என்ற வேறொரு சொல் புழங்குகிறது. தட்டச்சில் ஓர் எழுத்து மாறினால் பொருளே மாறிவிடும். 'துளங்கு ஒளிமானி' என்று பிரித்து எழுதினால் குழப்பம் குறையுமா? உயிரியல் பாடம் நடத்துகிறவர்கள் சொன்னால் நல்லது.