கோவலன் கொலை வழக்கு: கூண்டிலை ஆரை ஏத்துறது?

சிலம்புகூறல்:
வைகாசியிலை அம்மன் கோயில்களிலை சிலப்பதிகாரத்துக் கோவலன் கதை படிக்கத் தொடங்க, பள்ளிக்கூட மேடையளிலை வழக்காடு மன்றமும் வந்திடும். பிள்ளையளைப் பழக்கிற ஆக்கள் முதல்லை சாவுக் கணக்கை எடுங்கோ. கனபேர் பாண்டியனோடை நிப்பாட்டிப் போடுவினம். கோவலன், பாண்டியன் நெடுஞ்செழியன், அவன்ரை அரசி கோப்பெருந்தேவி மதுரையிலை. மிச்சம் நீர்ப்படைக் காதையிலை மாடலன் எண்ட மறையோன் சொல்லித்தான் வரும்: அடைக்கலம் குடுத்துத் தீயிலை இறங்கின இடைச்சி மாதரி, உண்ணாமல் உயிர்விட்ட சமணத் துறவி கவுந்தி, கோவலன்ரை தாய், கண்ணகியின்ரை தாய். மொத்தம் 7. அதுக்கு மேலை கொற்கையிலை இருந்த அடுத்த பாண்டியன் வெற்றிவேற் செழியன் பலி குடுத்த 1000 பொற்கொல்லர். இதை எடுத்து வைச்சால் 'பாண்டியன் செத்து நீதியை நிமிர்த்திப் போட்டான்' எண்ட வாதம் நிக்காது.

பனங்கிழங்கு:
கோவலனையும் சும்மா விடாதையுங்கோ. 100 கொல்லர் பின்னாலை வர வந்த பெரிய பொற்கொல்லனிட்டை அவன் கேட்ட முதல் கேள்வி, "காவலன் தேவிக்கு ஆவதோர் காற்கணி"க்கு விலை போடுவியோ எண்டது. அரசியின்ரை சிலம்பைக் களவெடுத்து வைச்சிருக்கிறவனுக்கு வேறை என்ன வேணும்? அதுவும் ஒத்தைச் சிலம்பு. சோடி கண்ணகியிட்டை.

மேடைக்குப் பின்னாலை:
உது ஏமாளித்தனம், கொலைக் குற்றமில்லை. உண்மையான இடம் கட்டளைதான். அரசன் ஊடின தேவியிட்டைப் போற வழியிலை, வாசல்லை விழுந்த அந்தப் பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டு, "கள்வன் கையது ஆகில் கொன்று அச்சிலம்பு கொணர்க" எண்டான். அந்த 'ஆகில்' எண்ட சொல்லைப் பெடியள் விட்டிடுவினம். அதிலைதான் வழக்கே கிடக்கு. கையிலை இருக்கிறது அரசியின்ரை சிலம்புதான் எண்டு ஆர் பாத்தது? அரசியின்ரையிலை முத்து, கண்ணகியின்ரையிலை மாணிக்கம். ஒருக்கா உடைச்சிருந்தால் விளங்கியிருக்கும். அதைக் கோவலன் செத்தாப் பிறகு கண்ணகிதான் வந்து சபையிலை செய்தாள்.

காவலரைக் கொடியவை எண்டு கத்தினால் எதிரணி உடனை பிடிக்கும். அவை கோவலனைப் பாத்து "கொலைப்படு மகன் அலன்", கொல்லப்பட வேண்டியவன் இல்லை எண்டு சொன்னவை. பொற்கொல்லன் மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எண்டு கள்வரின்ரை 8 வழியையும் அடுக்கிக் குழப்பினான். அப்பவும் அவை தயங்கிக்கொண்டுதான் நிண்டவை. அதுக்குள்ளை வாளை எறிஞ்சது ஒரு 'கல்லாக் களிமகன்', படிப்பறிவில்லாத குடிகாரன். சந்தேகம் வந்தால் திரும்பிப் போய் அரசனைக் கேக்க ஒரு வழி அந்தக் கட்டளையிலை இல்லை. பாண்டியன்ரை பிழை அதுதான் எண்டு வாதாடுங்கோ.

சிலம்புகூறல்:
ஊழ் எண்டு எதிரணி வரும், கட்டாயம் வரும். மதுரையின்ரை காவல்தெய்வம் மதுராபதி சொல்லுற பழம்பிறப்புக் கதையை நீட்டுவினம்: கோவலன் முற்பிறப்பிலை பரதனாயிருந்து சங்கமன் எண்ட வணிகனை ஒற்றன் எண்டு காட்டிக்குடுத்தது, சங்கமன்ரை மனைவி நீலி 14ஆம் நாள் மலையிலை ஏறி விழுந்தது. மறுமொழி ரெண்டு. அந்தக் கதை வாறது எல்லாம் எரிஞ்சாப் பிறகு. மற்றது, பாண்டியனே ஊழைச் சாட்டேல்லை, "யானே கள்வன்" எண்டான். ஆனால் கட்டளைக்கு முதல் வரியிலை "வினைவிளை காலம் ஆதலின்", பழவினை பலிக்கிற நேரம் எண்டபடியால் எண்டு இளங்கோவே எழுதி வைச்சிருக்கிறார். அதைத் தூக்கி வாசிச்சால் பதில் சொல்லுறது கஸ்டம், சொல்லிப்போட்டன்.

பனங்கிழங்கு:
தேவியை ஏத்தேலாதோ? பொய்த் தலையிடி சொல்லிப் போய்ப் படுக்கேல்லையெண்டால் அரசன் அந்த வாசலுக்கு வந்திரான்.

மேடைக்குப் பின்னாலை:
உதைக் குற்றமாக்கினால் எங்கடை ஊரிலை ஒரு வீடும் தப்பாது.