தசமபாகம் இன்றைக்கும் கட்டாயமா?

கேள்வி: சம்பளம் 22,000. வாடகை, அம்மாவின் மருந்து போக ஒன்றும் மிஞ்சுவதில்லை. வேதாகமத்தில் மல்கியா 3-ஐக் காட்டி, தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, கொடுக்காதவன் தேவனை வஞ்சிக்கிறான் என்று போதகர் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை.

பதில்: கட்டாயம் இல்லை தம்பி. தசமபாகம் என்பது, ஆலயப் பணி செய்த, சொந்த நிலம் இல்லாத லேவி கோத்திரத்தாருக்காக இஸ்ரவேலர் கொடுத்தது; மூன்றாம் வருஷப் பங்கில் அநாதைகளும் விதவைகளும்கூடச் சாப்பிட்டார்கள், உபாகமம் 14-ஐ முழுசாக வாசித்துப் பாருங்கள். 'கட்டாயமாயுமல்ல' என்றுதான் பவுல் எழுதுகிறார் (2 கொரிந்தியர் 9:7).

பதில்: மோசேயின் நியாயப்பிரமாணத்துக்கு முன்பே ஆபிரகாம், ஆசாரியரான மெல்கிசேதேக்குக்குத் தசமபாகம் கொடுத்தாரே? நான் சம்பளம் வந்ததும் பத்தில் ஒன்றைக் கவரில் போட்டு வேதாகமத்துக்குள் வைத்துவிடுவேன்.

பதில்: அண்ணா, ஆபிரகாம் போரில் கிடைத்த பொருளில் கொடுத்தது, மாதாமாதம் அல்ல. அப்புறம் தம்பி, பெற்றோருக்கு உதவவேண்டியதைக் 'கொர்பான்' என்று காணிக்கையாக்கியவர்களை இயேசு கண்டித்தார், மாற்கு 7. முதலில் அம்மாவுக்கு மருந்து வாங்குங்கள்.