மரத்தரை வந்தாச்சு, ஓரப்பட்டி எங்கே?

கேள்வி: அண்ணா, நியூ ஜெர்சியில் பழைய வீடு வாங்கியிருக்கிறோம். ஹாலில் ஓக் மரத்தரை போடப் பலகை வந்து இறங்கிவிட்டது. மாடிப்படி முனைக்கும், கிச்சன் டைல்ஸோடு சேரும் இடத்துக்கும் அதே நிறத்தில் விளிம்பை மூடும் மர ஓரப்பட்டி கடையில் இல்லை. என்ன வழி?

பதில்: தம்பி, பலகை வந்த அட்டைப் பெட்டியைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அதன் லேபிளில் கலர் பெயர், ஐட்டம் நம்பர், மரம், கனம் எல்லாம் இருக்கும். அதைப் படம் எடுத்துக்கொண்டு, பலகை விற்ற கடையிலேயே கேளுங்கள். ஷெல்ஃபில் இல்லாவிட்டாலும் ஸ்பெஷல் ஆர்டரில் வரவழைப்பார்கள். வாரக்கணக்கில் ஆகலாம். அதனால்தான் பலகைக்கு ஆர்டர் கொடுக்கும்போதே பட்டிக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பேன். அந்தக் கலர் தயாரிப்பு நின்றுபோனால் பட்டிதான் முதலில் கிடைக்காமல் போகும்.

டைல்ஸ் பக்கம் நிறத்தைவிட உயரம் முக்கியம். இரண்டு தரையும் ஒரே மட்டமாக இருந்தால் T வடிவப் பட்டியான டி-மோல்டிங், ஒன்று தாழ்ந்திருந்தால் சரிவுப் பட்டியான ரிட்யூசர். முழு மரப் பலகை பெரும்பாலும் முக்கால் அங்குலக் கனம். எஞ்சினியர்டு (அடுக்குகளாக ஒட்டி, மேலே மட்டும் நல்ல மரம் வைத்த பலகை) என்றால் 3/8, 1/2 என்று மாறும். இந்தக் கணக்கைப் பார்க்காமல் வாங்கினால் நடக்கும்போதெல்லாம் கால் தட்டும்.

படி முனைக்கு, விளிம்பை மூடும் ஸ்டேர் நோஸ் பட்டிதான். வேறு எதையாவது வைத்து ஒப்பேற்றாதீர்கள், குழந்தைகள் ஓடும் இடம். ஆணி அடித்துப் போடும் தரை என்றால் பலகையோடு மட்டமாகச் சேரும் ஃப்ளஷ் வகை. ஆணி அடிக்காமல் பலகைகளை ஒன்றோடொன்று பூட்டிப் போடும் மிதக்கும் தரை என்றால் மேலே படிந்து உட்காரும் ஓவர்லாப் வகை. பட்டி பெரும்பாலும் 78 அங்குல நீளத்தில் வரும். படி 36 அங்குல அகலம் என்றால் ஒன்றில் இரண்டு படி தேறும், வெட்டுச் சேதாரத்துக்கும் கொஞ்சம் மிஞ்சும்.

கேள்வி: அந்தக் கலரே நின்றுபோச்சு என்கிறார்களே?

பதில்: அப்போ பாலிஷ் போடாத வெறும் மரப் பட்டி வாங்கிச் சாயம் ஏற்றுங்கள். ஆனால் ரெட் ஓக்கா, வைட் ஓக்கா என்று பார்த்து வாங்க வேண்டும். ரெட் ஓக்கில் லேசான ரோஸ் சாயல் இருக்கும், வைட் ஓக் பழுப்புப் பக்கம் சாயும். ஒரே டப்பா ஸ்டெயினை இரண்டிலும் தடவினால் இரண்டு நிறம் வரும். வெட்டி மிஞ்சிய பட்டித் துண்டில் தடவி, காய்ந்து, மேல்பூச்சும் போட்ட பிறகு, ஜன்னல் வெளிச்சத்தில் பலகைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடை ட்யூப்லைட்டை நம்பாதீர்கள். நிறம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் கண்ணுக்குப் பழகிவிடும். பளபளப்பு மாறினால் தூரத்திலிருந்தே தெரியும். பலகை மேட் (பளபளப்பு இல்லாதது) என்றால் பட்டிக்கும் மேட்தான்.

சுவரோரம் வைக்கும் கால்வட்டப் பட்டியான குவார்ட்டர் ரவுண்டுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். சுவரின் அடியில் இருக்கும் பேஸ்போர்டு பலகை வெள்ளை என்றால் அதற்கும் வெள்ளை பெயின்ட் அடித்துவிடுங்கள், சுத்தமாக இருக்கும், காசும் மிச்சம். ஆணியை மட்டும் பேஸ்போர்டில் அடிக்கச் சொல்லுங்கள், தரையில் வேண்டாம். கோடை ஈரத்தில் மரம் உப்பும், குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும்போது சுருங்கும். சுவரோரம் விட்டிருக்கும் இடைவெளி அதற்காகத்தான். தரையோடு சேர்த்து ஆணி அடித்தால் பட்டியும் இழுபட்டு இடுக்கு விழும்.

கேள்வி: கான்ட்ராக்டர் எல்லாம் தானே பார்த்துக்கொள்கிறேன் என்கிறார்.

பதில்: சரி, பார்க்கட்டும். ஆனால் கொட்டேஷனில் எந்தப் பட்டி, எத்தனை, யார் வாங்குவது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "தரை போட இவ்வளவு" என்று மொத்தமாக எழுதியிருந்தால் ஸ்டேர் நோஸ் அதில் அடங்காமல் போகலாம். அதற்குத் தனி பில் வரும்.