புதுப்பிப்பு: கிராஜுவிட்டி வந்துவிட்டது

"நீயாகத்தானே வேலையை விட்டாய், கிராஜுவிட்டி (வேலையை விடும்போது முதலாளி தரும் பணிக்கொடை) எதற்கு?" என்று பழைய முதலாளி கை விரித்ததை இங்கே எழுதியிருந்தேன். பலர் கேட்டதால் மீதிக் கதை.

நான் விலகியது 2024இல், புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வருவதற்கு முன்பு. அதனால் எனக்குப் பொருந்துவது 1972ஆம் வருட கிராஜுவிட்டிச் சட்டம்தான். பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பெனி. ஐந்து வருடம் தொடர்ந்து இருந்தால், ராஜினாமா செய்தாலும் உண்டு. கிராஜுவிட்டி கேட்கும் விண்ணப்பமான ஃபார்ம் 'ஐ' நிரப்பிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். முப்பது நாளுக்குள் தர வேண்டும், தாமதித்தால் வட்டி.

அப்புறம் கணக்கில் இழுபறி. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்துக் கடைசி மாதம் 18,200. அதை மாதத்தின் 26 வேலை நாளால் வகுத்து, 15 நாள் சம்பளமாகப் பெருக்கினால் வருடத்துக்கு 10,500. அக்கவுண்டன்ட் ஆறு வருடத்துக்குப் போட்டார். நான் இருந்தது ஆறு வருடம் எட்டு மாதம். ஆறு மாதம் தாண்டினால் முழு வருடக் கணக்கு. ஆக 73,500.

நோட்டீஸ் பீரியட் (விலகுமுன் வேலை செய்ய வேண்டிய முன்னறிவிப்புக் காலம்) பாக்கியை இதில் கழிக்கப் பார்த்தார்கள். அதுவும் செல்லாது. தொழிலாளர் உதவி ஆணையரிடம் போகிறேன் என்றதும் குரல் இறங்கியது. போன வாரம் முழுத் தொகையும் வந்தது. வட்டி மட்டும் இன்னும் வரவில்லை, அதற்கும் கடிதம் போட்டிருக்கிறேன்.