அரியாங்குப்பம் தாண்டும்போது படித்ததும் அம்மாவோடு விளையாடியதும்

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறேன். ஜன்னல் ஓரம் கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் தூக்கம். போன மாதம் முழுக்கக் கையில் இருந்தது, அந்தக் காலப் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் ஒரு தொகுதி. ஆபீஸில் ஓர் அக்கா கொடுத்தார்.

முதல் இருபது பக்கம் திணறிப்போனேன். ஒரு வாக்கியம் தொடங்கினால் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. ஒரு ராத்திரி வீட்டில் வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். அப்போதுதான் பிடிபட்டது, அது காதால் கேட்க வேண்டிய தமிழ். திண்ணையில் உட்கார்ந்து ஒருவர் அன்றைக்கு நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்வதுபோல இருக்கிறது. எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி போட்டார்கள், பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸ் என்ன கேட்டார், இவர் என்ன பதில் சொன்னார், எல்லாம் உண்டு. 1736இல் எழுதத் தொடங்கியவர், 1761 ஜனவரியில் இறக்கும்வரை விடவில்லை.

என்னைப் பிடித்து உட்கார வைத்தது 1748 முற்றுகை. ஆங்கிலேயர் படை எங்கள் ஊர் தேவனாம்பட்டினம் கோட்டையிலிருந்து கிளம்பி, அரியாங்குப்பத்தில் மோதி, அப்புறம்தான் புதுச்சேரியை வளைக்கிறது. நான் தினமும் போகிற வழி! அரியாங்குப்பத்தில் பஸ் நெரிசலில் நிற்கும், நான் அதே அரியாங்குப்பத்துச் சண்டையைப் படித்துக்கொண்டிருப்பேன். இறங்க வேண்டிய இடத்தை இரண்டு முறை விட்டுவிட்டேன். கடைசியில் ஐப்பசி மழை நெருங்க, முற்றுகையைக் கைவிட்டுப் போகிறார்கள். இந்தக் கரையில் பிறந்தவர்களுக்கு அந்த மழையைப் பற்றி யாரும் விளக்க வேண்டாம்.

அந்த முற்றுகை நடந்த நாட்களில்தான் சம்பா கோயில் என்கிற கத்தோலிக்க தேவாலயத்தை ஒட்டியிருந்த பழைய வேதபுரீஸ்வரர் கோயிலைப் பிரெஞ்சுக்காரர்கள் இடித்தார்கள். அதைப் பிள்ளை பதிந்திருக்கும் இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். துய்ப்ளேக்ஸுக்கு அவ்வளவு நெருக்கமாக இருந்தவர், ஊரே மதித்தவர், அவராலும் தடுக்க முடியவில்லை. ராத்திரி எழுதி வைக்க மட்டும் முடிந்தது. இப்போது காந்தி வீதியில் இருப்பது பிறகு கட்டிய கோயில். அடுத்த நாள் சம்பா கோயில் பக்கம் போனபோது கால் தானாக மெதுவாகியது.

தம்பியின் கணினியில் ஒரு போர் விளையாட்டும் ஆடிப் பார்த்தேன். கோட்டையைச் சுற்றி வளைப்பதெல்லாம் அருமையாக வருகிறது. ஆனால் உள்ளே இருக்கும் ஜனங்களுக்கு அரிசி எங்கிருந்து வரும் என்ற கேள்வியே அதில் இல்லை. பிள்ளையைப் படித்த பிறகு எனக்கு அது ஒட்டவில்லை.

ஒட்டியது ‘வெண்பா’ என்ற வீடியோ கேம். 2023இல் வந்தது, டொரண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் செய்தது. 1980களில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்த் தம்பதி, அவர்கள் மகன் கவின். அந்தப் பெண்ணிடம் இருக்கும் அவள் அம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் அழிந்தும் இருக்கும், விட்டுப்போனதை நாம் யூகித்துச் சமைக்க வேண்டும். முதலில் இட்லி. நான் தட்டுகளை அப்படியே அடுக்கினேன். பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா சத்தம் போட்டார்: “ஏன்டி, குழிக்கு மேல குழி வந்தா மேல் தட்டு கீழ இருக்கற இட்லியை அமுக்காதா? மாத்தி வை!” மாற்றி வைத்தேன், சரியாக வந்தது.

வீடியோ கேம் என்றாலே கண் கெட்டுப்போகும் என்று சொல்லும் அம்மா, அதற்கப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பாட்டி துணி போட்டு இட்லி ஊற்றியது, அந்தத் துணியை நனைத்துப் பிழிய அம்மா அடி வாங்கிக் கற்றது, இதெல்லாம் இத்தனை வருடத்தில் எனக்குச் சொன்னதே இல்லை. கவின் வளர வளர வீட்டில் தமிழ் குறைகிற இடத்தில் அம்மா பேச்சை நிறுத்திவிட்டார். அண்ணன் மகள் வெளிநாட்டில் வளர்கிறாள், வீடியோ காலில் “பாட்டி” என்பதோடு அவள் தமிழ் முடிந்துவிடும். பின்பாதிக் கதையைச் சொல்ல மாட்டேன், விளையாடிப் பாருங்கள். ஒரே மாலையில் முடிந்துவிடுகிறது, அதுதான் என் ஒரே குறை. கவினின் வளர்ந்த வயதுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம்.

இப்போது அம்மா ரசப்பொடி அளவை ஒரு பழைய நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார். ஆழாக்குக் கணக்கில். வீட்டில் ஆழாக்கு இல்லை, அத்தையிடம் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்.