அப்பாவுக்கு மலத்தில் ரத்தம்: தனியார் குடல் டாக்டரா, அரசு ஆஸ்பத்திரியா?

கருங்கல் மகன்:
அப்பாவுக்கு 58 வயது. மூன்று மாதமாக வெளிக்குப் போகும்போது ரத்தம் வருகிறது. பக்கத்து கிளினிக்கில் மூலம் என்று மருந்து கொடுத்தார்கள், நிற்கவில்லை. வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்துவிட்டார். நாகர்கோவிலில் தனியார் கேஸ்ட்ரோ டாக்டரிடம் நேரே கூட்டிப் போகவா, ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்கா? அம்மா, "ஆசான்கிட்ட ஒருக்கா காட்டிட்டுப் போலாம் மக்களே" என்கிறாள். ஆசான் என்றால் எங்கள் ஊர் நாட்டு வைத்தியர்.

தக்கலை அக்கா:
தம்பி, தனியாருக்கே போங்கள், இந்த வாரமே. என் மாமனாருக்கும் மூலம் என்றுதான் சொன்னார்கள். ஒன்றரை வருடம் களிம்பு போட்டோம். ரோட்டோரம் 'மூலம், பௌத்திரம் ஆபரேஷன் இல்லாமல் குணம்' என்று போர்டு வைத்த ஒரு இடத்தில் ஊசியும் போட்டோம். கடைசியில் கொலனோஸ்கோப்பியில், அதாவது மலவாய் வழியே கேமராக் குழாய் விட்டுப் பார்த்ததில், பெருங்குடலில் கட்டி தெரிந்தது. மூலமும் இருந்தது, கட்டியும் இருந்தது. ஒன்றைக் கண்டுபிடித்ததும் இன்னொன்றைத் தேடாமல் விட்டோம். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு வலிக்கிறது.

மலையோரத்தான்:
அக்கா சொல்லும் அவசரம் சரி. 'தனியாருக்கே' என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். எனக்கு 34 வயது, ரப்பர் பால் வெட்டுகிறேன். நெஞ்செரிச்சல் என்று ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். முதல் நாளே எண்டோஸ்கோப்பி, சி.டி. ஸ்கேன், நீளமான ரத்தப் பரிசோதனைப் பட்டியல். பெரிதாக ஒன்றுமில்லை என்றார்கள். மழையில் வெட்டு இல்லாத மாதம், கடன் வாங்கித்தான் கட்டினேன். அப்புறம் அரசு டாக்டர் ஒருவர் கேட்டது ஒரே கேள்வி: "மூட்டு வலிக்கு மாத்திரை போடுறியா?" இரண்டு வருடமாகத் தினமும் போட்டுக்கொண்டிருந்தேன். நிறுத்தினேன், சில வாரத்தில் எரிச்சல் அடங்கியது. அந்தக் கேள்வியைத் தனியாரில் யாரும் கேட்கவில்லை.

தக்கலை அக்கா:
உங்களுக்கு நடந்தது அநியாயம். ஆனால் 34 வயதில் வரும் எரிச்சலும் 58 வயதில் வரும் ரத்தமும் ஒன்றா? அரசில் கூட்டம் அதிகம். ஸ்கோப்புக்குத் தேதி தள்ளிப்போனால் யார் பொறுப்பு?

மலையோரத்தான்:
தனியாரில் கட்டி என்று தெரிந்துவிட்டால் அதற்கு மேல் ஆகும் செலவுக்கு யார் பொறுப்பு? முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. கன்சல்டேஷன் ஃபீஸுக்கு அது உதவாது. ஆபரேஷன் என்று வந்தால் அட்டை செல்லும் ஆஸ்பத்திரியா என்று முதலிலேயே கேட்காமல் போகிறவர்கள்தான் நிலத்தை விற்கிறார்கள்.

முட்டம் கடல்:
திருவனந்தபுரம் கூட்டிப் போனால் என்ன? எங்கள் ஊரில் பாதிப் பேர் அங்கேதான் போகிறார்கள்.

தக்கலை அக்கா:
வயிற்றைக் கழுவ மருந்து குடித்துவிட்டு அவ்வளவு தூரம் பஸ்ஸில் உட்கார முடியுமா அண்ணே? பிறகு தேவைப்பட்டால் போகலாம்.

வடசேரி நர்ஸ்:
ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஸ்கோப் அறையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். 50 தாண்டியவருக்கு ரத்தமும் எடைக் குறைவும் சேர்ந்து இருந்தால் கொலனோஸ்கோப்பி செய்யாமல் மூலம் என்று முடிவு கட்டக் கூடாது. தம்பி, இரண்டு இடத்திலும் விசாரியுங்கள். எங்கே தேதி முதலில் கிடைக்கிறதோ அங்கே செய்யுங்கள். இன்றே ஹீமோகுளோபின் பாருங்கள், இதற்குப் பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம். இரும்புச்சத்துக் குறைந்து ரத்தசோகை வந்திருந்தால் இரைப்பையையும் பார்க்கச் சொல்வார்கள். அப்போது வாய் வழியே விடும் மேல் ஸ்கோப்பையும் வீண் செலவு என்று நினைக்காதீர்கள்.

தனியாரில் டாக்டரின் பட்டத்தைப் பாருங்கள். டி.எம். என்றால் எம்.டி.க்குப் பிறகு மூன்று வருடம் குடல், ஈரல் நோய்க்கென்றே படித்தவர். எம்.சி.எச். என்றால் அறுவை செய்பவர். பணம் பேசும்போது ஸ்கோப்புக்கு மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். மயக்க மருந்து, பயாப்சி (சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது), பாலிப் இருந்தால் எடுப்பது எல்லாம் சேர்த்தா, தனித்தனியா என்று கேளுங்கள். பாலிப் என்பது குடலுக்குள் வளரும் சின்னச் சதை. சில வகை புற்றாக மாறப் பல வருடம் ஆகும், பெரும்பாலும் ஸ்கோப் போடும்போதே எடுத்துவிடலாம்.

இரும்புச்சத்து மாத்திரை போட்டால் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையோ சர்க்கரைக்கு மருந்தோ எடுத்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். கொய்யா, கீரை, பயறு ஸ்கோப்புக்கு முந்தைய இரண்டு மூன்று நாள் வேண்டாம். ஸ்கோப்புக்கு முதல் நாள் இளநீர், வடிகட்டிய கஞ்சித்தண்ணி மாதிரித் தெளிந்த நீராகாரம்தான். பேதி மருந்தைச் சொன்ன அளவு முழுக்கக் குடிக்க வேண்டும். குமட்டுகிறது என்று பாதியில் விட்டவர்களை எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். உள்ளே ஒன்றும் தெரியாது, மறுபடியும் செய்ய வேண்டி வரும்.

மலையோரத்தான்:
அக்கா, பயாப்சி ரிப்போர்ட் கையில் இருந்தால் அரசில் மறுபடி எல்லாம் செய்யச் சொல்வார்களா?

வடசேரி நர்ஸ்:
ரிப்போர்ட் மட்டும் போதாது தம்பி. ஸ்கோப் படங்களையும், பயாப்சிச் சதையை வைத்த கண்ணாடித் தகடுகளையும் கேட்டு வாங்குங்கள். அவை இருந்தால் வேறு ஆஸ்பத்திரியில் அதையே பார்த்து அபிப்பிராயம் சொல்லலாம்.

கருங்கல் மகன்:
இன்று ஹீமோகுளோபின் பார்த்தோம், 9.2, குறைவுதான். தனியாரில் வெள்ளிக்கிழமை தேதி கிடைத்தது, அங்கேயே ஸ்கோப் செய்கிறோம். எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று எழுதி வாங்கிவிட்டேன். ஏதாவது தெரிந்தால் தகடுகளோடு ஆசாரிபள்ளம். அட்டை அப்பா பெயரில்தான் இருக்கிறது.

மலையோரத்தான்:
சரி தம்பி. என்னைக் கேட்டால் நாளைக் காலையிலேயே ஆசாரிபள்ளம் ஓ.பி.யில் ஒரு சீட்டும் போட்டு வைத்திருப்பேன்.

தக்கலை அக்கா:
இப்போது ஓட வைக்க வேண்டாம், 9.2 இருக்கிற மனிதர். தம்பி, ஆசானிடம் போகும் பேச்சை அம்மாவிடம் என்ன செய்தீர்கள்?

கருங்கல் மகன்:
நீங்கள் எழுதிய மாமனார் கதையை வாசித்துக் காட்டினேன் அக்கா. ஒன்றும் பேசவில்லை. வியாழக்கிழமைக்குக் கஞ்சித்தண்ணி எப்படி வடிகட்ட வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.